கமாண்டருக்குப் பாசம் பொங்கிய உயரம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மாட்டிக்கொண்டு முழிப்பதைவிட அது மேல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அண்ணன் வந்து அழைப்புமணியை அழுத்தினான். உள்ளே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்:

"உன் அண்ணிக்கு என் மேல பாசம் வந்தா, உடனே நகத்தைப் பாக்குறா."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"சிரிக்காதே. டீ போட்டுக் குடுத்தேன். வாங்கிக்கிட்டு என்னையே பாத்தா. கண்ணுல அப்படி ஒரு கனிவு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படி ஒரு பார்வையை நான் பாத்ததில்ல. சரி, யார் முகத்துல முழிச்சேனோன்னு நினைச்சேன். அடுத்த நிமிஷம் டீயைக் கீழ வெச்சுட்டு, விரலை நீட்டி, நகம் நீலமா இருக்கான்னு பாக்குறா. என் மேல பாசம் வர்றது ஒரு வியாதியா?"

அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறுவதென்றால்கூட யாராவது காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் அவனுக்கு. அண்ணி விமானம் ஓட்டுகிறவர், கேப்டன். வீட்டில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் கமாண்டர். இந்த ஜோடி எப்படி அமைந்தது என்பது தனிக் கதை. அதை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் எழுதவில்லை.

நகத்தைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

ஒன்று: "முகில்களுக்கு மேலே, வானம் கருநீலமாய் இருண்டிருந்த அந்த உயரத்தில்—"

அடித்துவிட்டேன். அந்த உயரத்தில் எனக்கு முன்னால் நீட்டப்பட்ட சாப்பாட்டுத் தட்டைத் தவிர வேறு எதையும் நான் உருப்படியாகப் பார்த்ததில்லை.

இரண்டு: "மரணம் ஓசையின்றி அவளுடைய இருக்கையை நோக்கி—"

இதை அண்ணி என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டார். "என்ன, சீரியலுக்கு எழுதறியா?" என்றார். அதோடு அதுவும் போயிற்று.

மூன்றாவது கதையின் தொடக்கமே அல்ல, ஒரு கேள்வி. அதை வைத்துக்கொள்கிறேன். மூச்சைக் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். (நிஜமாகவே பிடியுங்கள். கதைதானே என்று ஏமாற்றாதீர்கள்.) சற்று நேரத்தில் நெஞ்சு தவிக்கிறது அல்லவா? அந்தத் தவிப்பு எதனால்? பிராணவாயு குறைகிறது, அதனால் என்றுதான் இத்தனை வயதுவரை நான் நினைத்திருந்தேன். இல்லையாம். பெரும்பாலும் அது வெளியே போக முடியாமல் உள்ளே சேர்கிற கரியமிலவாயு உண்டாக்குகிற தவிப்பு. உயரத்தில் காற்று மெலிந்திருக்கும்போது நாம் மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். கரியமிலவாயு போய்க்கொண்டேதான் இருக்கிறது. பிராணவாயு மட்டும் வந்து சேர்வதில்லை. அதனால் தவிப்பு வருவதில்லை. உடம்பு தன் பெரிய காவல்காரனை முன்வாசலில் நிறுத்தியிருக்கிறது. பின்வாசல் அது பாட்டுக்குத் திறந்து கிடக்கிறது.

இதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் என்று சொல்ல முடியாது. கும்பிடத் தோன்றியது. இத்தனை நுணுக்கமாகக் கட்டப்பட்ட ஒன்று, பறப்பதற்கென்று கட்டப்படவில்லை. நடப்பதற்குக் கட்டப்பட்ட உடம்பைத் தூக்கிக்கொண்டு நாம் மேலே போயிருக்கிறோம். போனது மட்டுமில்லாமல், அங்கே உட்கார்ந்து தக்காளிச் சாறு வேறு கேட்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. காற்று மெலியும்போது உடம்பில் முதலில் மங்குவது கை அல்ல, கால் அல்ல, நிதானம். எது சரி, எது தப்பு என்று பார்க்கிற அந்தச் சின்ன விளக்கு. அது மங்குவதை யார் பார்த்துச் சொல்வது? பார்க்கிற ஆளே அதுதானே.

3

பயிற்சி நிலையத்தில் ஓர் இரும்பு அறை இருக்கிறது. வட்டமான தடித்த கண்ணாடி ஜன்னல்கள், இரண்டு பக்கமும் பெஞ்சு, ஆளுக்கொரு பிராணவாயு முகமூடி. கதவைச் சாத்திவிட்டு உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். அறை இருந்த இடத்திலேயே இருக்கும், காற்று மட்டும் மலையேறிவிடும். காது அடைக்கும். வயிற்றுக்குள் இருக்கிற வாயு விரியும்.

[அண்ணி இந்த இடத்தில் சொன்னதை விட மனமில்லை: "பெரிய பெரிய கேப்டனுங்கள்லாம் மரியாதையை வாசல்லயே கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள வரணும். என்ன சத்தம் கேட்டாலும் யாரும் யாரையும் திரும்பிப் பாக்கக் கூடாது. அது எழுதாத சட்டம்."]

பிறகு முகமூடியைக் கழற்றச் சொல்லி, கையில் ஒரு குழந்தை விளையாட்டுச் சாமானைக் கொடுப்பார்கள். வட்டம், சதுரம், முக்கோணம் என்று மரத்துண்டுகள். அததை அதனதன் ஓட்டையில் போட வேண்டும்.

"எல்லாத்தையும் சரியாப் போட்டேன்" என்றார் அண்ணி. "சத்தியமா. இன்னிக்குக் கேட்டாலும் என் ஞாபகத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்புறம் வீடியோ போட்டுக் காமிச்சாங்க."

வீடியோவில் அவர் முக்கோணத்தை வட்ட ஓட்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். முகமூடி போட்ட பயிற்சி நிலைய டாக்டரம்மா பக்கத்தில் வந்து, "கேப்டன், மாஸ்க்கைப் போடுங்க" என்கிறார். அண்ணி நிமிர்ந்து பார்க்கிறார். "உங்க கண்ணு எவ்வளவு அழகா இருக்கு டாக்டர்" என்கிறார். "மாஸ்க்கைப் போடலைன்னா நீங்க செத்துருவீங்க." "சரிம்மா" என்கிறார் அண்ணி, பெற்ற மகளிடம் பேசுவது போல. மறுபடியும் முக்கோணத்தை எடுத்துக்கொள்கிறார். கடைசியில் டாக்டர்தான் அவருக்கு முகமூடியை மாட்டிவிடுகிறார்.

"செத்துருவீங்கன்னு சொல்றாங்கடி. நான் சரிம்மாங்கறேன்" என்று அண்ணி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நாங்கள் அறிந்த கமாண்டர் யாரையும் அம்மா, கண்ணு என்று விளித்ததில்லை. பால்காரர் அவரைக் கண்டால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொள்வார். அண்ணியின் அன்பு எல்லாம் அதட்டலாகத்தான் வரும்.

அந்த அறைக்கு ஆட்களை அனுப்புவதே இதற்குத்தானாம். காற்று மெலிவது ஒவ்வொரு உடம்பிலும் ஒவ்வொரு விதமாகத் தெரியும். ஒருவருக்கு உதடு மரக்கும். ஒருவருக்கு உள்ளங்கை சுடும். ஒருவருக்குக் காரணமில்லாமல் கோபம் வரும். உன் அடையாளம் எது என்று தெரிந்துகொண்டு போ, ஒருநாள் மேலே அது வந்தால் அடையாளம் கண்டுகொள்வாய் என்று அனுப்பிவைக்கிறார்கள்.

அண்ணியின் அடையாளம் பாசம். எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் அவர் மேல் பொங்கி வருகிற பாசம். நகமும் உதடும் நீலம் பாரிப்பது எல்லாருக்கும் பொதுவான அறிகுறி.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இப்படி ஒரு பாத்திரத்தை நானே கற்பனை செய்திருந்தால், பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். கடுகடுப்பான பெண், பாசம் வந்தால் உயிருக்கு ஆபத்து. ரொம்பக் கச்சிதம். அதனால் அவரைக் கொஞ்சம் மென்மையாக்கிப் பார்த்தேன். "அண்ணி அன்றும் வழக்கம்போல் புன்னகையோடு—"

இல்லை. அண்ணி புன்னகைக்கமாட்டார். பாத்திரம் கச்சிதமாக இருக்கிறதே என்பதற்காக மனுஷியை மாற்ற முடியாது.

5

அந்தச் சம்பவம் நடந்த அன்று விமானத்தில் பயணிகள் இல்லை. விமானத்தைப் பழுது பார்க்கும் கூடத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும். பின்னால் இருக்கைகள் எல்லாம் காலி. முன்னால் அண்ணியும் துணை விமானியும் மட்டும். துணை விமானி சின்னப் பையன், வேலைக்குப் புதுசு. கையில் பேனா இருந்தால் அதன் தலையை அழுத்தி அழுத்தி டிக் டிக் என்று சத்தம் பண்ணுகிற பழக்கம் அவனுக்கு. ஏறும்போதே அண்ணி ஒருமுறை முறைத்திருக்கிறார். நிறுத்தியிருக்கிறான். மறந்துபோய் மறுபடி ஆரம்பித்திருக்கிறான்.

விமானத்துக்குள் அடைத்துவைத்திருக்கும் காற்று எங்கேயோ கசியத் தொடங்கியது. எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல் பிந்தி அடித்தது. ஏன் என்று பொறியாளர்கள் ஆராய்ந்தார்கள், எனக்கு விளக்கினார்கள், எனக்குப் புரியவில்லை. இனி அண்ணி சொன்னபடி:

"மேல ஏறி நேராப் போயிட்டிருந்தோம். பையன் பேனாவை அமுக்கிட்டிருந்தான். வேற நாளா இருந்தா புடுங்கி வெளிய எறியத் தோணும். அன்னிக்கு என்னடான்னா அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையா இருக்கு. இவனைப் பெத்தவங்க என்ன புண்ணியம் பண்ணாங்களோன்னு நினைச்சேன். அப்ப ஒரு சிவப்பு விளக்கு எரிஞ்சுது. என்ன ஒரு சிவப்பு தெரியுமா! இத்தனை வருஷம் பாக்காம விட்டுட்டோமேன்னு இருந்துச்சு. மணி அடிச்சுது. கைக்குழந்தை அழற மாதிரி இருந்துச்சு எனக்கு. ஐயோ பாவம், அழாதேன்னு சொல்லிட்டு, கையை நீட்டி அதை நிறுத்திட்டேன்."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கேட்டுக்கொண்டு எழுத முடியவில்லை. காப்பாற்ற வந்த மணியைக் குழந்தையைச் சமாதானப்படுத்துவது போல் சமாதானப்படுத்தியிருக்கிறார். அந்தக் கணத்தில் அண்ணியைவிடச் சந்தோஷமாக வேறு யாரும் இந்த உலகத்தில் இருந்திருக்கமாட்டார்கள்.

"அப்புறம்?"

"அப்புறம் ரப்பர் வாசனை. மூஞ்சியில மாஸ்க் இருக்கு. அவன் மூஞ்சியிலயும் இருக்கு. விமானம் மூக்கைக் கவுத்துக்கிட்டு இறங்கிட்டிருக்கு. நான் கரெக்டாப் பேசிட்டிருக்கேன், கரெக்டா ஓட்டிட்டிருக்கேன்."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணுமில்ல."

6

எழுத்தாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நடுவில் ஒன்றுமில்லை என்றால் அந்த இடம் முழுக்க எனக்குச் சொந்தம். உடனே எழுதத் தொடங்கினேன்: "எங்கோ ஆழத்திலிருந்து அவர் மனம் எச்சரித்தது: 'எனக்கு இவன் மேல் பாசமா? ஏதோ தப்பு நடக்கிறது!' நடுங்கும் கை முகமூடியை—"

நல்ல காட்சிதான். பயிற்சி பலித்தது, நாயகி வென்றாள். அண்ணியிடம் படித்துக் காட்டினேன்.

"நான் போடலை. அவன்தான் போட்டுவிட்டான்" என்றார்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"ஒரு கை வந்துச்சு. என் கை மாதிரி தெரியலை."

துணை விமானியை வீட்டுக்கு வரச் சொன்னார் அண்ணி. நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அண்ணன் கொடுத்த டீயை ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தான்.

"மேடம்தான் முதல்ல போட்டாங்க" என்றான் என்னிடம். "போட்டுட்டு என்னைப் பாத்துக் கை காமிச்சாங்க. அப்புறம்தான் நான் போட்டேன். விசாரணையிலயும் அதான் சொன்னேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க. ஒவ்வொண்ணும் அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது."

"அந்த இரும்பு அறையில உங்களுக்கு வந்த அடையாளம் என்ன தம்பி?" என்று கேட்டேன்.

அவன் அண்ணியைப் பார்த்தான். டீயைப் பார்த்தான்.

"எனக்குங்களா... எனக்கு எல்லாமே தெளிவா, கச்சிதமா ஞாபகம் இருக்கற மாதிரி தோணும்."

பிறகு அண்ணன்தான் சமையலறையிலிருந்து கேட்டான்: "அப்போ போட்டது யாரு?"

7

உடம்பைச் சோதித்த டாக்டர்கள் அண்ணிக்கு ஒரு குறையும் இல்லை, ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள். நிறுவனமும் சரி என்றது. மீதி இருந்தது அண்ணியின் சொல் மட்டும்தான். திரும்ப அந்த இருக்கையில் உட்காருவதா, இத்தோடு விட்டுவிடுவதா? விட்டுவிடு என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. இனிமே தரையில இரு" என்றான்.

விமானிகள் அறையில் பேசுவதெல்லாம் பதிவாகும். அந்தப் பதிவு பாதுகாப்பு அதிகாரியிடம் இருந்தது. யார் போட்டார்கள் என்பது அதில் தெரியும். வேண்டுமானால் இருவரும் வந்து கேட்கலாம் என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

"கேட்டுருங்க அண்ணி" என்றேன். "நீங்களேதான் போட்டிருப்பீங்க. தெரிஞ்சுதுன்னா தைரியமா மறுபடி ஓட்டலாம்."

"நானே போட்டிருந்தா வேலையை விட்டுடுவேன்."

"என்ன அண்ணி, தலைகீழாப் பேசறீங்க?"

"நேராத்தான் பேசறேன். அந்த நேரத்துல எனக்குப் புத்தி இல்ல. மணியைப் பாத்து அழாதேன்னு சொன்னவ நான். புத்தி இல்லாதப்போ கை தானாப் போய் மாஸ்க்கை எடுத்துச்சுன்னா, அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி அத்தனை பேரை என் முதுகுக்குப் பின்னாடி உக்கார வெக்க முடியுமா? அடுத்த தடவை கை போகலைன்னா?"

"சரி, அவன் போட்டிருந்தா?"

அண்ணி நகத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "அவனுக்கும் பாதி மயக்கம். நேத்து வந்த பையன். நான் முறைச்சா எச்சில் முழுங்குவான். அப்படிப்பட்டவன், கேப்டன் மூஞ்சியில கை வெக்கலாமா கூடாதான்னு யோசிக்காம வெச்சான்னா, நான் அவனை அந்த அளவுக்குப் பயமுறுத்தி வெக்கலைன்னு அர்த்தம். அப்போ நான் ஓட்டலாம்."

இதுவரை நான் எழுதிய எதுவும் இந்த வாக்கியத்துக்கு ஈடில்லை. விமானிகள் அறையில் இரண்டு இருக்கைகள் போட்டிருப்பது கை போதாது என்பதற்காக என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கல்ல. ஒருவருடைய நிதான விளக்கு மங்கும்போது அதைப் பார்ப்பதற்கு இன்னொருவர். இவ்வளவு எளிய ஏற்பாடு. ஆனால் அந்த இன்னொருவர் வாயைத் திறக்க வேண்டும், கையை நீட்ட வேண்டும். மரியாதை, பயம், சம்பளம், சீனியர் என்று எத்தனையோ அதன் குறுக்கே நிற்கின்றன. பலமான காற்றையும் மின்னலையும் தாங்குகிற இயந்திரம், ஒரு பையன் எச்சில் முழுங்குவதில் விழுந்துவிடக்கூடும். என் நாயகி, தான் வென்றிருக்கக் கூடாது என்று ஆசைப்பட்டார்.

8

முடிவுகள்.

முதல் முடிவில் பதிவில் அண்ணியின் குரல் கேட்கிறது: "மாஸ்க் போடு." கூடவே முகமூடிக்குள் அவர் மூச்சு. அவர் காதிலிருந்து கருவியைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார், சட்டைத் தோளிலிருக்கும் கேப்டன் பட்டைகளையும்—

இதை முடிக்கக் கை வரவில்லை.

இன்னொரு முடிவில் பையனின் குரல். "மேடம். மேடம். மேடம்." பதில் இல்லை. பிறகு ஏதோ உரசும் சத்தம், அண்ணியின் குரலில் "உன் கை எவ்வளவு மெத்துனு இருக்கு கண்ணு" என்று ஒரு கொஞ்சல், பிறகு மூச்சு. (இதை எழுதும்போது எனக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் நன்றாக வந்திருக்கிறது என்பதால் மட்டும் அது உண்மையாகிவிடாது.)

எனக்கு உண்மை தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும், ஒரே குடும்பம்தானே. ஆனால் அண்ணி ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். "பதிவுல என்ன இருந்துச்சுன்னு எழுதாதே. எழுதினா படிக்கறவங்க ஒண்ணு என்னைப் பாராட்டுவாங்க, இல்ல அவனைப் பாராட்டுவாங்க. ரெண்டும் எங்க தொழிலுக்கு ஆகாது." கமாண்டர் போட்ட உத்தரவு. மீறுகிற துணிச்சல் எனக்கு இல்லை.

அதனால் அவர்கள் பதிவைக் கேட்பதற்கு முன்னால் இருந்த சில நிமிடங்களை மட்டும் தருகிறேன்.

9

அண்ணன் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்றான்; பரீட்சை எதுவும் இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான்தான் கூடப் போனேன். பாதுகாப்பு அதிகாரியின் அறைக்கு வெளியே நீளமான தாழ்வாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் தண்ணீர் கேன். சுவரில் தீயணைப்பானை எப்படிப் பயன்படுத்துவது என்று படம். பையன் எங்களுக்கு முன்பே வந்து, மடிப்புக் கலையாத சட்டையில் நின்றுகொண்டிருந்தான்.

"சாப்டியா?" என்றார் அண்ணி.

"சாப்ட்டேன் மேடம்."

"பொய் சொல்லாதே. மூஞ்சியில தெரியுது."

அதிகாரி கதவைத் திறந்தார். விமானிகள் மட்டும்தான் வரலாம் என்றார். அண்ணி எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டடி வைத்தவர் நின்றார். பையன் நகரவில்லை.

"மேடம், நான் போட்டிருந்தா... உங்களைக் கேக்காம உங்க மேல கை வெச்சிருந்தா..."

"வெச்சிருந்தா நல்லது. உள்ள வா" என்றார் அண்ணி. அதட்டல்தான். அவன் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டான்.

கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி. அதன் வழியாக மேசை தெரிந்தது, இருவர் முகங்களும் தெரிந்தன. அதிகாரி ஆளுக்கொரு காதுக் கருவி கொடுத்தார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடி நான் அதுவரை பார்த்ததில்லை. தூங்கும்போதுகூட எங்களைக் கண்காணிப்பது போலத்தான் இருப்பார்.

நான் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். எனக்குச் சாமி நம்பிக்கை உண்டா இல்லையா என்று எனக்கே தெரியாது. ஆனாலும் கைகள் சேர்ந்துகொண்டன. என் அண்ணி, பால்காரர் பயப்படுகிற கமாண்டர், நான் கண்ட மனிதர்களிலேயே கெட்டிக்காரர், அந்த ஒரு நிமிடம் ஒன்றுக்கும் உதவாமல், சிவப்பு விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்திருக்க வேண்டும் என்று முழு மனதோடு வேண்டிக்கொண்டேன்.

பின்னால் கதவு திறந்தது. நான் திரும்பவில்லை. அடுத்த முறை நீங்கள் பறக்கும்போது முன்னால் விமானிகள் அறைக் கதவு மூடியிருக்கும், அதற்கு அந்தப் பக்கம் யார் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் நீங்கள். நீங்களே திரும்பி, வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பாருங்கள்.